ரயில்வே கேட்டடி ரோஸ்ட் கடை

விருத்தாசலத்தில் என் தலையைக் கண்டதும் கேட்காமலே இலை போடுகிற கடைகள் ஒரு காலத்தில் ஒன்பது இருந்தன. இப்போது நான்கு. மூடிய ஐந்தில் ஒன்று செல்போன் கடையாகிவிட்டது, இன்னொன்றில் பல் டாக்டர் உட்கார்ந்திருக்கிறார். மற்ற மூன்றும் பூட்டிய ஷட்டர்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் இந்தக் கணக்கை ஒரு முறை சரிபார்த்துக்கொள்வேன். நான்கு என்பது மூன்றாகிவிட்டதோ என்று ஒரு பயம்தான்.

எண்ணுவது வேலையால் வந்த பழக்கம். செராமிக் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில், சூளையிலிருந்து வெளியே வருகிற பீங்கான் சாமான்களில் தேறியது எத்தனை, விரிசல் விட்டது எத்தனை, மெருகு பிடிக்காதது எத்தனை என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. சூளை வண்டி வெளியே வந்ததும் மற்றவர்கள் நல்ல சாமானைப் பார்ப்பார்கள். நான் உடைசலைப் பார்ப்பேன். ஓய்வு பெற்றும் கண் மாறவில்லை. பந்தியில் எத்தனை பேர், கூரையில் எத்தனை ஓடு, மாத்திரை அட்டையில் மிச்சம் எத்தனை என்று மனசு தானாகவே ஓடும். "இவரு சாமி கும்புடப் போனாலும் கோபுரத்துல எத்தன பொம்ம இருக்குதுன்னுதான் பாத்துட்டு வருவாரு" என்று என் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

அவள் தட்டில் இருக்கிற இட்லியை எண்ண வேண்டி வரும் என்று மட்டும் நான் நினைத்ததே இல்லை.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டாள். காய்ச்சல் விட்டது, உடம்பு வலியும் விட்டது. ஒரு நாள் காலையில் காபித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தாள். மூடினாள். பெருங்காய டப்பாவைத் திறந்தாள். அதையும் மூடினாள்.

"ஒண்ணுமே தெரியலீங்க. எல்லாம் வெறுந்தூளா இருக்குது."

சில பேருக்கு இப்படி வாசனை போய்விடுமாம். திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். வாசனைதானே, உயிரா போய்விட்டது என்று முதலில் நான் தைரியமாகத்தான் இருந்தேன். ஆனால் வாசனையோடு அவளுக்குச் சாப்பாடும் போய்விட்டது. தாளித்தால் கடுகு பொரிந்ததா கருகியதா என்று தெரியாமல் அடுப்பைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். சமைத்து எனக்குப் போட்டுவிட்டு, தான் ஒரு இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்துக்கொண்டிருப்பாள். மத்தியானம் நாலு கவளம். ராத்திரி பால், அதுவும் பாதி டம்ளர். ரவிக்கையைப் பிடித்துத் தைத்துப் போட்டுக்கொண்டாள். மோதிரத்தில் நூல் சுற்றினாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சென்னையில் இருக்கும் மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். எடுத்ததுமே, "அப்பா, அம்மா இன்னிக்கு எத்தன?" என்பாள். நான் கணக்குச் சொல்வேன்.

அப்போதுதான் எனக்குப் பார்சல் ஞாபகம் வந்தது.

பார்சல் என்றால் அவளுக்கு அவ்வளவு ஆசை. கல்யாணமாகிப் பெண்ணாடத்திலிருந்து இந்த ஊருக்கு வந்த புதிதில், வேலை முடிந்து வரும்போது நான் கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தால் வாசலிலேயே வாங்கிக்கொள்வாள். அந்தக் காலத்துப் பார்சல் இன்றைக்கு வருகிற வெள்ளித்தாள் பை அல்ல. வாட்டிய வாழையிலை, அதன் மேல் செய்தித்தாள், அதன் மேல் நூல். சூட்டில் இலை வெந்து, அதில் சாம்பாரும் மசாலாவும் ஊறி, மேலே காகிதம் ஈரமாகி, எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். அவள் முதலில் அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்வாள். "ஜங்ஷன் கடை" என்பாள். இல்லாவிட்டால் "பாலக்கரை மெஸ்ஸு" என்பாள். பிரிக்காமலே சொல்லிவிடுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. இதை நான் எண்ணியிருக்கிறேன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆகவே மஞ்சப்பையை எடுத்துக்கொண்டு என் நான்கு கடைகளில் ஒவ்வொன்றாகக் கிளம்பினேன்.

முதலில் ஜங்ஷன் கடை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் காலை ஷிப்டுக்குப் போகும்போது அங்கேதான் இட்லி. ரயில் டிரைவர்கள், கார்டுகள், மூட்டை தூக்குகிறவர்கள், வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவர்கள் என்று எல்லோரும் நின்றபடியே சாப்பிடுவார்கள். வண்டி ஊதினால் பாதி பேர் இட்லியைக் கையில் எடுத்துக்கொண்டே ஓடுவார்கள். இட்லிக்குக் கூட வைக்கிற காரச் சட்னியில் பூண்டு தூக்கலாக இருக்கும். அன்று முழுக்க அந்த வாசனை நம் விரலை விட்டுப் போகாது. கம்பெனியில் பீங்கானைத் தூக்கிப் பார்க்கும்போதுகூட என் விரல் ஜங்ஷன் கடை மாதிரியே மணக்கும்.

ஆறு இட்லி வாங்கி வந்தேன். அவள் பழக்கத்தில் பொட்டலத்தை முகத்தருகே கொண்டுபோனாள். அப்படியே கீழே இறக்கினாள். அரை இட்லி சாப்பிட்டாள்.

"பஞ்சத் தின்ற மாதிரி இருக்குதுங்க."

மறுநாள் அந்தக் கடைக்குப் போய்ப் பரிமாறுகிறவரிடம் சண்டைக்கு நின்றேன். "இட்லி பழைய மாதிரி இல்லையே, அரிசியை மாத்திட்டீங்களா?"

"அரிசி அதேதான் சார். உளுந்து அதேதான். மாஸ்டருதான் காலமாயிட்டாரு. அவருக்குப் பதிலா அவரு மருமவன் ஊத்துறாரு. அதுல இன்னா கண்டுபிடிச்சீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அங்கேயே நின்று நாலு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அடுத்தது பாலக்கரை மெஸ். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் ஊர் ஆபீஸ்களில் பாதி அங்கேதான் வரும். நடத்துகிற அம்மாள் கையில் கரண்டியோடு வரிசையாக வருவார். இலையில் சோறு மிச்சம் வைத்தால், "வெளைய வெச்சவன் வூட்டுக்குப் போய் இதச் சொல்லிட்டு வா" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிடுவார். தாசில்தார் ஆபீஸ்காரர்கள்கூட அவருக்குப் பயந்து வழித்துச் சாப்பிடுவார்கள். அவர் வைக்கிற வத்தக்குழம்புக்காகவே நான் வீட்டில் சண்டை போடாத நாட்களிலும் வெளியே சாப்பிட்டிருக்கிறேன். இப்போது அவருக்கு வயதாகிக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், "அய்யோ, அந்தப் புள்ளைக்கா?" என்று தானே எழுந்துபோய்க் குழம்பை ஊற்றிக் கொடுத்தார். என் மனைவி அவருக்கு இன்னும் புள்ளைதான்.

"புளிப்பு தெரியுது. அவ்ளோதான்" என்றாள். நாலு கவளம் ஐந்தாயிற்று. அதுவும் அந்த அம்மாளுக்கு மரியாதைக்காக.

மூன்றாவது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பூரிக் கடை. கரும்புப் பணம் விசாரிக்க வருகிறவர்களும் கருவேப்பிலங்குறிச்சிப் பக்கத்திலிருந்து விதை வாங்க வருகிறவர்களும் காலையில் முதலில் நுழைகிற இடம். பூரி பெரிதாக உப்பி வரும். அதைக் குத்தி ஆவி விடுகிற சுகத்துக்காகவே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மஞ்சப்பையில் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது நான்கு பூரியும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

"தோலாட்டம் இருக்குது. நீங்களே சாப்புடுங்க."

நான்காவது கடையிலிருந்து நான் பார்சல் வாங்கவே இல்லை. அது ரயில்வே கேட்டடி ரோஸ்ட் கடை. அதற்குக் காரணம் உண்டு.

எஸ்டேட்டுக்குப் போகிற வழியில் இருக்கும் ரயில்வே கேட்டை ஒட்டி, தகரக் கூரை போட்ட கடை. என் ஒன்பது கடைகளில் எனக்கு முதல் கடை அதுதான். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிதாக, காகிதம் போல மெல்லிசாக, மேலே மிளகாய்ப்பொடி தூவிய ரோஸ்ட் தோசை மட்டும்தான் அங்கே பலகாரம். ஷிப்டு இடைவேளையில் நாங்கள் கும்பலாகப் போய் நிற்போம். யாருக்கு எத்தனை வேண்டும் என்று மாஸ்டர் கேட்க மாட்டார். கல்லிலிருந்து எடுத்ததை நேரே இலையில் போடுவார். இலை காலியானால் அடுத்தது விழும். இலையை மடிக்கிற வரைக்கும் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்று போடும்போதும் இலைக்குப் பக்கத்தில் ஒரு பீங்கான் மணியை வைப்பார். ஹீட்டர் கம்பியில் கோக்கிற சின்ன வெள்ளை மணி. கோணலாகப் போய் எங்கள் கம்பெனியில் கழித்தவற்றை ஒரு டப்பா நிறைய அவருக்குக் கொடுத்திருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் மணியை எண்ணினால் ரோஸ்ட்டின் கணக்கு. எனக்கு அந்தக் கடை பிடித்துப்போனதற்கு மணிகளும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆனால் அந்த ரோஸ்ட் வீட்டுக்கு வராது. இரண்டு தடவை வாங்கி வந்து பார்த்தேன். வருகிற வழியிலேயே நமுத்துப்போய்விட்டது. "இதுக்கா எஸ்டேட்டே போயி நிக்குது? ஈரத்துணியாட்டம் இருக்குது" என்று அவள் அன்றைக்குச் சொன்னது பல வருடங்களுக்கு எங்கள் வீட்டில் ஓடியது. எதுவாவது பெயர் பெரிதாகவும் ஆள் சாதாரணமாகவும் இருந்தால், "கேட்டடி ரோஸ்ட்டு" என்பாள். மாப்பிள்ளை பார்க்கும்போது ஒரு பையனையே அப்படிச் சொல்லியிருக்கிறாள். கடைக்கு அவள் வந்ததில்லை. வேர்த்து விறுவிறுத்த ஆட்கள் மண் கையோடு நின்று சாப்பிடுகிற இடம். அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண்ணும் அங்கே வந்து நின்றதில்லை.

பார்சல் வாங்குவதை நான் விடவில்லை. மூன்று கடையையும் சுற்றிச் சுற்றி வந்தேன். பொங்கலா, சேமியாவா, அடையா என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். அவள் ஒவ்வொரு முறையும் பொட்டலத்தை முகத்தருகே கொண்டுபோவாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

டாக்டர் மறுபடியும் வரச் சொல்லியிருந்தார். எடை பார்க்கிற இயந்திரத்தில் ஏற்றினார். எனக்கு அந்த முள்ளைப் பார்க்கப் பயமாக இருந்தது, ஆனாலும் பார்த்தேன்.

"இன்னும் எறங்கியிருக்குதே. அம்மா, நீங்க சாப்பிடலன்னா ஆஸ்பத்திரியில சேர்த்து மூக்கு வழியா குழாய் போட்டுத்தான் ஆகாரம் குடுக்கணும். அடுத்த வாரம் வாங்க. எறங்கியிருந்தா அன்னிக்கே சேர்த்துடலாம்."

வெளியே வந்து ஆட்டோவில் ஏறினோம். அவளுடைய அக்காவுக்குக் கடைசிக் காலத்தில் அந்தக் குழாய்தான் போட்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவள் இவள்தான். ஆட்டோ கிளம்பியதும் மெதுவாக, "குழாய் மட்டும் வேணாங்க. நான் எப்புடியாவது தின்றேன்" என்றாள். வழியில் என்ன பார்சல் வாங்கலாம் என்று யோசித்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இப்போது எங்கள் வீடு எஸ்டேட்டைத் தாண்டி. ஆட்டோ போய்ச் சேரும்போது கேட் போட்டுவிட்டார்கள். சரக்கு வண்டி ஒன்று மெதுவாக வந்துகொண்டிருந்தது. நான் பழக்கத்தில் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியிருப்பேன்.

"பெரியவரே, நீங்க ட்ரெய்ன எண்ணுங்க. ஆயா எறங்கிப் போறாங்க பாருங்க" என்றார் ஆட்டோக்காரர்.

திரும்பிப் பார்த்தேன். பக்கத்து இடம் காலி. புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டடிக் கடையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். நான் எண்ணிக்கையை விட்டுவிட்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு.

கடையில் இப்போது பழைய மாஸ்டரின் மகன். கல்லுக்கு முன்னால் நின்று தண்ணீரைத் தெளித்து, சின்னத் துடைப்பத்தால் கல்லைப் பெருக்கிக்கொண்டிருந்தார். என் மனைவி கல்லுக்கு நேரே போய் நின்றாள்.

"அது இன்னாப்பா, சொய்ங்குன்னு ஒரு சத்தம்? ஆட்டோ வரைக்கும் கேக்குது."

"தண்ணி தெளிச்சங்கம்மா. கல்லு காஞ்சா அப்புடித்தான் கத்தும்." பிறகு என்னைப் பார்த்தார். "வாங்க சார்! அம்மாவா? உள்ள வந்து பெஞ்சுல உக்காருங்கம்மா. டேய், எந்திரிங்கடா, எடம் வுடுங்க."

பெஞ்சில் இருந்த இரண்டு லோடு ஏற்றுகிற ஆட்கள் எழுந்து நின்றார்கள். நான் அவள் காதருகே, "பொடி காரமா இருக்கும், உனக்கு ஆகாது, வா போகலாம்" என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒண்ணு போடுப்பா. ஈரத்துணி எப்புடிதான் இருக்குதுன்னு பாப்போம்."

மாவை ஊற்றும்போது வந்த சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். ரோஸ்ட் இலையில் விழுந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளை மணி. அவள் ஒரு துண்டை உடைத்தாள். உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. வாயில் போட்டு மெல்ல மென்றாள். நிறுத்தினாள். மறுபடியும் மென்றாள்.

"மொறுமொறுன்னு காதுக்குள்ள கேக்குதுங்க" என்றாள்.

"ருசி தெரியுதா?"

"வாசன இல்ல. ஆனா சூடு தெரியுது. காரம் நாக்குல சுர்ருங்குது. உப்பு தெரியுது." இன்னொரு துண்டை உடைத்தாள். "நீங்க வாங்கியாந்த பார்சல்ல எல்லாம் ஆறிப்போயி வாசன மட்டுந்தாங்க மிச்சம் இருந்துச்சு. அதுதான் எனக்குத் தெரியலியே."

ஒவ்வொரு பொட்டலமாகச் சுமந்து கொண்டுவந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. அவளுக்கு எது இல்லையோ அதையே தேடித் தேடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாவது விழுந்தது. இரண்டாவது மணி. நான் குனிந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டு சாப்பிட்ட லோடு ஆளுக்கு அது பொறுக்கவில்லை.

"சார், நீங்க இப்புடி மொறச்சிப் பாத்தா ஆயாவுக்குத் தொண்டையில எறங்குமா? அந்தப் பக்கம் திரும்பி ட்ரெய்னு போறதப் பாருங்க."

"சொல்லுப்பா, நல்லாச் சொல்லு" என்றாள் என் மனைவி, வாயில் ரோஸ்ட்டோடு. "இவரு கல்யாணத்தன்னிக்கே என் இலையில எத்தன அப்பளம்னு பாத்தவரு."

அவள் ஆளைக் கேலி செய்து எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தெரியாது. அதை மட்டும் நான் எண்ணி வைக்கவில்லை.

மூன்றாவது விழுந்ததும் எனக்கு வழக்கமான பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் ஒட்டிக் கிடந்த வயிறு. எண்ணெய், காரம். ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால்?

"போதும். இதோட இலைய மடி. வயிறு தாங்காது."

"நேத்து வரைக்கும் தின்னு தின்னுன்னீங்க."

"அது வேற. இது வேற. மடின்னா மடி."

கேட் திறந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஆரன் அடித்துக்கொண்டே இருந்தார். பின்னால் நிற்கிற வண்டிகளும் அடித்தன. கொஞ்சம் ஓரமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன். அவர் ஒரு நியாயம் சொன்னார், நான் ஒரு நியாயம் சொன்னேன். திரும்பி வந்தபோது அவள் இலையை மடித்து வைத்துவிட்டு எழுந்து நின்றாள். பெஞ்சின் மேல் மூன்று மணிகள். மாஸ்டரின் மகன் கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏன் அவ்வளவு அக்கறையாகக் கல்லைப் பார்த்தார் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து அவள் ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வயிறு வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டேன். இல்லை என்றாள். மூன்றாவது முறை கேட்டபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

போன் அடித்தது. மகள்.

"அப்பா, டாக்டர் இன்னா சொன்னாரு? அம்மா இன்னிக்கு எத்தன?"

குழாய் விஷயத்தைச் சொன்னேன். அவள் அழத் தயாராகிவிட்டாள் என்று மூச்சிலேயே தெரிந்தது. அதனால் அவசரமாக அடுத்ததைச் சொன்னேன்.

"சாயங்காலம் ரோஸ்ட் சாப்பிட்டாம்மா. கேட்டடிக் கடையில, பெஞ்சுல உக்காந்து. மூணு."

"மூணா? அம்மாவா? கேட்டடிக் கடையிலயா?"

"மூணு. நான் பக்கத்துல நின்னு எண்ணினேன்."

கட்டிலில் அசைவு கேட்டது. என் மனைவி எழுந்து உட்கார்ந்து, புடவைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். ஒரு வெள்ளைப் பீங்கான் மணி. ஓரம் கொஞ்சம் கோணல். எங்கள் கம்பெனிச் சாமான்தான்.

"நாலுன்னு சொல்லுங்க. நீங்க ஆட்டோக்காரருகூட மல்லுக்கு நின்னீங்களே, அப்ப ஒண்ணு போடச் சொன்னேன். தெரிஞ்சா அங்கியே ஊரக் கூட்டியிருப்பீங்க."

போனில் மகள் "அப்பா? அப்பா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் "நாலு" என்று திருத்திச் சொன்னேன். என் மனைவி மணியை என் கையிலிருந்து திரும்ப வாங்கித் தலைப்பிலேயே முடிந்துகொண்டாள்.

"இத நாளைக்குப் போயி அந்தத் தம்பிகிட்ட குடுத்துடணுங்க. அவரு டப்பாவுல ஒண்ணு கொறயும்."